வேட்டை வழிக் கோல்டன் குட்டி: எந்த வீட்டுக்கு அனுப்புவது?

அமெரிக்காவில் கோல்டன் ரெட்ரீவர் குட்டி வாங்கப் போன தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிடம் ஒரே மனக்குறையைக் கேட்கலாம். சொன்ன விலையைக் கொடுக்கத் தயாராக இருந்தும் பிரீடர், அதாவது நாய்களை இனப்பெருக்கம் செய்து குட்டிகளை விற்பவர், குட்டியைத் தர இசையவில்லை. கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? கொல்லையில் வேலி உண்டா? கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் நாயை எங்கே விடுவீர்கள்? முன்பு வளர்த்த நாய் எத்தனை வயதில், எதனால் இறந்தது?

அந்தக் கேள்விகள் நியாயமானவை என்றே கருதுகிறேன். சொல்லப்போனால், வேட்டை வழியில், அதாவது வேட்டை வேலைக்கென்றே பெருக்கப்படும் வம்சத்தில் பிறந்த குட்டி என்றால் அவை போதவும் போதா. கொடுப்பவர் இடத்தில் நின்று பார்த்தால் இது விளங்கும்.

மினசோட்டா மாநிலத்தில் ஒரு பிரீடரின் வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில் மற்றவை போய்விட்டன; எட்டு வார வயதுள்ள பெட்டைக்குட்டி ஒன்று மிச்சம். செம்பொன் நிறம், மெலிந்த உடல், கண்காட்சிக் கோல்டன்களைவிடக் குட்டையான மயிர். புறாவின் சிறகைக் காட்டினால் மற்ற எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. பந்தை ஒளித்தால் சலிக்காமல் தேடுகிறது. தட்டு கீழே விழுந்த சத்தத்துக்கு அதிர்ந்து விலகுகிறது, உடனே திரும்பி வந்து அந்தத் தட்டையே முகர்கிறது. இதைக் கேட்டு வந்திருப்பவர்கள் ஒரு வாத்து வேட்டைக்காரர், மாற்றுத்திறனாளியான தனக்கு வேண்டிய உதவி நாயைத் தானே பழக்க விரும்பும் ஒருவர், பேரிடர் மீட்புக் குழுத் தன்னார்வலர் ஒருவர், நாய் விளையாட்டுப் போட்டிகளுக்குப் போகும் ஒருவர், இரண்டு பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பம். ஆறாவது வழியும் உண்டு: யாருக்கும் கொடுக்காமல் பிரீடரே வைத்துக்கொள்வது.

இவர்களை ஒப்பிடுவதற்கு முன், ‘உடல்நலப் பரிசோதனை முடிந்த குட்டி’ என்ற சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பரிசோதனை முடிந்தது பெரும்பாலும் தாய்க்கும் தந்தைக்கும்தான். இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் வளரும் ஹிப் டிஸ்பிளேசியாவுக்கும் முழங்கை மூட்டுக் கோளாறுக்கும் எக்ஸ்ரே எடுத்து ஓ.எஃப்.ஏ. என்ற அமைப்புக்கு அனுப்புகிறார்கள். 1966இல் தொடங்கிய அந்த அமைப்பு, நாய்க்கு 24 மாதம் நிரம்பிய பிறகே இடுப்புக்கு இறுதித் தரம் கொடுக்கும். எட்டு வாரக் குட்டிக்கு அந்தச் சான்றிதழ் இருக்க முடியாது. இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது. இதயத்தை ஒரு இதயநோய் நிபுணர் பார்த்திருக்க வேண்டும். பெருந்தமனியின் வாய்க்குக் கீழே ஏற்படும் குறுகல் இந்த இனத்தில் வருகிறது. கண்ணை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். கண்ணுக்குள் அழற்சி ஏற்பட்டுக் கடைசியில் பார்வையைப் பறிக்கும் பிக்மென்டரி யுவைட்டிஸ் பெரும்பாலும் நடுவயதிலோ அதற்குப் பிறகோ தலைகாட்டும் நோய் என்பதால், ஒரு முறை பார்த்து வாங்கிய சான்றிதழை வைத்து ஆயுளுக்கும் நிம்மதி கொள்ள முடியாது. இவற்றோடு மரபணுச் சோதனைகள்: விழித்திரை படிப்படியாகக் கெடும் நோயின் வகைகள், தோல் செதில் செதிலாக உதிரும் இக்தியோசிஸ் முதலியன. இந்தச் சோதனையைக் குட்டிக்கே நேரடியாகச் செய்யலாம்.

ஓ.எஃப்.ஏ. இணையதளத்தில் நாயின் பதிவுப் பெயரை இட்டு எவரும் முடிவுகளைப் பார்க்கலாம். தவறிப்போன முடிவை வெளியிடாமல் வைக்க உரிமையாளருக்கு வழி உண்டு. ஆகவே, இருக்க வேண்டிய பதிவு இல்லையென்றால் அதையும் ஒரு தகவலாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் இந்த இனத்தின் பெரிய துயரமான புற்றுநோய்க்கு முன்கூட்டிச் சொல்லும் சோதனை கிடையாது. அமெரிக்க கோல்டன் ரெட்ரீவர் கிளப் 1998இல் நடத்திய கணக்கெடுப்பில், இறந்த நாய்களில் ஏறத்தாழ 60 விழுக்காடு புற்றுநோயால் இறந்திருந்தன. அதன் காரணங்களைத் தேடித்தான் மோரிஸ் விலங்கு அறக்கட்டளை 2012இல் தொடங்கி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கோல்டன்களை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து கவனித்து வருகிறது. குட்டியை வாங்குகிறவர் ‘எல்லாச் சோதனையும் முடிந்துவிட்டது, இனிக் கவலை இல்லை’ என்று எண்ணினால், அந்த எண்ணத்தை முதல் நாளிலேயே மாற்றவேண்டியது பிரீடரின் கடமை.

சான்றிதழ்கள் எந்தெந்த நோய்க்கு வாய்ப்புக் குறைவு என்று சொல்கின்றன. இந்தக் குட்டி எந்த வீட்டில் நன்றாக வாழும் என்று அவற்றில் எழுதியிருப்பதில்லை. அதற்கு வம்சத்தைப் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் குயிசாகன் என்ற பண்ணையில், பின்னாளில் ட்வீட்மவுத் பிரபு ஆன டட்லி மார்ஜோரிபேங்க்ஸ் 1868இல் நூஸ் என்ற மஞ்சள் நிற ரெட்ரீவரையும் பெல் என்ற ட்வீட் நீர் ஸ்பேனியலையும் சேர்த்ததில் தொடங்கியது இந்த இனம். சுடப்பட்ட பறவை நீரிலோ புதரிலோ விழுந்தால், அதைத் தேடி, பல் பதியாமல் கவ்வி வந்து, கையில் கொடுக்க வேண்டும். அதுதான் வேலை. இன்று வீட்டுச் செல்லமாகவும் கண்காட்சிக்காகவும் வளர்க்கப்படும் கோல்டன்களில் இந்த வேகம் பெரிதும் தணிந்திருக்கிறது. வேட்டை வழிக் குட்டிகளில் அது அப்படியே இருக்கிறது. விளம்பரப் படங்களில் குழந்தையின் மடியில் தலைவைத்துத் தூங்கும் நாயை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

முதலில் வாத்து வேட்டைக்காரர். பிறந்த வேலையைச் செய்ய வாய்ப்புக் கொடுப்பவர் இவர்தான் என்பதால் பலரும் யோசிக்காமல் இவருக்கே கொடுத்துவிடுவார்கள். நான் யோசிப்பேன். மினசோட்டாவில் வாத்து வேட்டைப் பருவம் 60 நாட்கள். அதிலும் வார இறுதிகளில் மட்டுமே போகிறவர் என்றால், நாய்க்கு உண்மையில் வேலை கிடைப்பது மிகச் சில நாட்கள். மீதி 300 நாள் அந்த நாய் எங்கே இருக்கும் என்பதுதான் என் முதல் கேள்வி. வெளியே கம்பி வலைக்குள் என்றால், கோல்டனுக்கு அது ஆகாது. லாப்ரடாரைவிடவும் மனிதரை ஒட்டியே வாழ விரும்பும் இனம் இது. தனிமையில் விட்டால் மனம் வாடும், அல்லது வலையைக் கடித்துத் தன் பல்லை உடைத்துக்கொள்ளும்.

இரண்டாவது கேள்வி, எப்படிப் பழக்குகிறார் என்பது. வேட்டை நாய்ப் பயிற்சியில் மின்கழுத்துப்பட்டை பரவலாகப் பயன்படுகிறது. பொருளைக் கவ்விப் பிடித்திருக்க வைக்கக் காதைத் திருகும் முறையும் பழக்கத்தில் இருக்கிறது. கோல்டன்கள் மென்மையான மனம் கொண்டவை. கடுமையான கை ஒன்று பட்டால், துணிச்சலான குட்டிகூட வேலையையே வெறுத்துவிடும். ‘எந்தப் பயிற்சியாளரிடம் கற்றீர்கள், சென்ற நாய் எப்படிப் பழகியது, அது இப்போது எங்கே இருக்கிறது?’ என்று கேட்டு, முடிந்தால் அந்த நாயை நேரில் பார்க்க வேண்டும். அழைத்ததும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறதா, வயிறு தரையில் உரசப் பதுங்கி வருகிறதா என்பதைப் பார்த்தாலே பதில் கிடைத்துவிடும்.

நாய் வீட்டுக்குள் தூங்குகிறது, கோடை முழுவதும் கிளப்போடு சேர்ந்து பயிற்சி நடக்கிறது, ஏ.கே.சி. எனப்படும் அமெரிக்கன் கென்னல் கிளப் நடத்தும் வேட்டைத் தேர்வுகளில் ஜூனியர் ஹன்டர் பட்டத்துக்காவது முயல்கிறார்கள் என்றால், அதைவிட நல்ல வீடு இந்தக் குட்டிக்கு எளிதில் அமையாது. இந்தத் தேர்வுகளில் நாய்கள் ஒன்றோடொன்று போட்டியிடுவதில்லை. வகுத்த தரத்தை எட்டினால் தேர்ச்சி. அதனால் முதல் நாயோடு வருகிற சாதாரணக் குடும்பத்துக்கும் அங்கே இடம் உண்டு.

உதவி நாய் கேட்டு வந்திருப்பவரின் நிலைமையைத்தான் அதிக நேரம் எடுத்துப் பேச வேண்டும். ‘வேண்டாம்’ என்று சொல்ல மனம் வராத கோரிக்கை அது. பிரீடருக்கும், தன் குட்டி ஒருவருடைய வாழ்க்கையைத் தாங்கப் போகிறது என்ற எண்ணமே பெருமிதம் தரும். அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி, உதவி நாயை நிறுவனம்தான் பழக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை, உரிமையாளரே பழக்கலாம். நிறுவனத்திடமிருந்து நாய் கிடைக்க நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருப்பதால் பலர் இந்த வழியை நாடுகிறார்கள்.

ஆனால் நிறுவனங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று பாருங்கள். 1929இல் தொடங்கிய தி சீயிங் ஐ, 1975இல் கலிபோர்னியாவில் தொடங்கிய கனைன் கம்பானியன்ஸ் போன்றவை தலைமுறை தலைமுறையாகத் தங்கள் சொந்த வம்சங்களை உருவாக்குகின்றன. எதற்கும் பதறாத, பறவையைக் கண்டாலும் திரும்பிப் பார்க்காத குணத்தைத் தேர்ந்தெடுத்துப் பெருக்குகின்றன. குட்டிகளைத் தன்னார்வலர் வீடுகளில் ஓர் ஆண்டுக்கு மேல் வளர்த்து, பிறகு தொழில்முறைப் பயிற்சி தருகின்றன. இவ்வளவு செய்தும் பெரும் பகுதி நாய்கள் தேறுவதில்லை. வேறு வேலைக்கோ வீட்டுச் செல்லமாகவோ அனுப்பப்படுகின்றன. அப்படியிருக்க, புறாச் சிறகைக் கண்டால் உலகை மறக்கும் குட்டியைத் தனி ஒருவர் தன் வீட்டில் வைத்துப் பழக்கினால் வெற்றிக்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கும்? தோற்றால் அந்த மனிதர் இரண்டு ஆண்டு உழைப்பையும் நம்பிக்கையையும் இழப்பார். தனக்கு உதவாத, அதிக ஓட்டம் தேவைப்படும் இளநாய் ஒன்றை, உடல் ஒத்துழைக்காத நிலையில் பராமரிக்கவும் வேண்டும். அது அவருக்கும் கொடுமை, நாய்க்கும் கொடுமை.

நடக்கும்போது சாய்ந்து ஊன்றிக்கொள்ள நாய் வேண்டும் என்று கேட்டால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். எலும்பு வளர்ச்சி முடிந்து, இரண்டு வயதில் இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே பார்த்த பிறகே அந்தச் சுமையைப் பற்றிப் பேசலாம். மெலிந்த உடல்வாகு கொண்ட வேட்டை வழிப் பெட்டை பெரும்பாலும் அதற்குத் தேவையான உயரமோ எடையோ பெறாது. நான் அந்தப் பிரீடராக இருந்தால், இந்தக் குட்டியை இவருக்குக் கொடுக்க மறுத்துவிட்டு, அமைதியான வம்சம் வைத்திருக்கும் இன்னொரு பிரீடரிடம் நானே பேசி அறிமுகப்படுத்துவேன். மறுப்போடு அந்த உதவியும் சேர வேண்டும். இதே ஈற்றில் சாந்தமான குட்டி ஒன்று இருந்து, கேட்பவருக்கு அனுபவமுள்ள பயிற்சியாளரின் துணையும் இருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

மீட்புக் குழுவின் தன்னார்வலருக்கு இதே குட்டி பொருந்தக்கூடும். ஒளித்த பந்தைச் சலிக்காமல் தேடும் குணம், சத்தத்துக்குப் பிறகு திரும்பி வரும் துணிச்சல் இரண்டும் இடிபாடுகளில் ஆளைத் தேடும் வேலைக்கு அடிப்படை. உதவி நாய் நிறுவனம் வேண்டாம் என்று தள்ளும் வேகத்தை இவர்கள் விரும்பித் தேடுகிறார்கள். 2001 செப்டம்பரில் உலக வர்த்தக மையத்தின் இடிபாடுகளில் தேடிய டெக்சஸ் குழுவின் பிரிட்டனி என்ற நாய் ஒரு கோல்டன்தான். பின்னர் கத்ரீனா புயலின்போதும் பணியாற்றியது. 2016 ஜூனில் 16 வயதில் இறந்தது. உலக வர்த்தக மையத்தில் பணியாற்றிய தேடல் நாய்களில் கடைசியாக உயிரோடு இருந்ததும் அதுவே. நான் பார்ப்பது ஒன்றை மட்டும்: வந்திருக்கும் தன்னார்வலர் ஏற்கெனவே ஒரு குழுவில் உறுப்பினராகப் பயிற்சி பெற்று வருகிறாரா, அல்லது நாய் கிடைத்த பிறகு குழுவில் சேரலாம் என்று இருக்கிறாரா? முதல் வகை என்றால், குழுவின் பயிற்சியாளரே வந்து குட்டியைச் சோதித்துப் பார்க்கட்டும். ஏழு எட்டு வாரத்தில் செய்யும் குணச் சோதனைகள் வளர்ந்த நாயின் குணத்தை உறுதியாகச் சொல்வதில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். எனவே இவரிடமும் அதே கேள்வி: தேறாவிட்டால் என்ன செய்வீர்கள்? ‘என் வீட்டு நாயாக இருக்கும்’ என்று தயங்காமல் சொல்கிறவருக்குக் கொடுக்கலாம்.

விளையாட்டுப் போட்டிக்காரரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கீழ்ப்படிதல், தடை ஓட்டம், மோப்பத் தேடல் என்று ஆண்டு முழுவதும் வேலை இருக்கும். நாய் வீட்டுக்குள் இருக்கும். பெரும்பாலும் பரிசு கொடுத்துப் பழக்கும் முறை. ஏ.கே.சி. 1977இல் கீழ்ப்படிதல் போட்டி சாம்பியன் பட்டத்தைத் தொடங்கியபோது அதை முதலில் பெற்ற மூன்று நாய்களும் கோல்டன்களே. மூட்டு முதிரும் முன் உயரத் தாண்டவைக்கக் கூடாது என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே நான்கைந்து நாய்கள் வைத்திருப்பவர் என்றால் இந்தக் குட்டிக்குத் தனியாக எவ்வளவு நேரம் கிடைக்கும் என்றும் கேட்க வேண்டும்.

இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்தைத் தாழ்வாக எண்ணுவது வேட்டை நாய் உலகில் சிலருக்கு வழக்கம். அது தவறு. நல்ல கோல்டன்களில் மிகப் பலவும் இப்படிப்பட்ட வீடுகளில்தான் நிறைவாக வாழ்கின்றன. காலையில் ஒரு மணி நேரம் ஓடுகிற தாயோ தந்தையோ, பக்கத்தில் ஏரி, வாரம் ஒரு பயிற்சி வகுப்பு என்று இருந்தால் இந்தக் குட்டியையும் தாராளமாகக் கொடுக்கலாம். இருவரும் அலுவலகம் போய், பிள்ளைகள் பள்ளி முடிந்து பாட்டுக்கும் நீச்சலுக்கும் போய், இரவு ஏழு மணிக்கு எல்லோரும் களைத்துத் திரும்பும் வீடு என்றால் கொடுக்க இயலாது. அன்பு குறைவு என்பதற்காக மறுக்கவில்லை. நாயின் பகல் பொழுது காலியாகக் கிடக்கும். நம் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: ஓராண்டு விட்டு ஓராண்டாவது ஐந்தாறு வாரம் சென்னைக்கோ மதுரைக்கோ போகிறோம். நாயை உடன் கொண்டுபோவது எளிதன்று. இந்தியா வெறிநோய் அபாயம் மிகுந்த நாடுகளின் பட்டியலில் இருப்பதால், 2024 ஆகஸ்டு முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி அங்கிருந்து நாயைத் திரும்ப அமெரிக்காவுக்குக் கொண்டுவர மைக்ரோசிப், தடுப்பூசிச் சான்று, படிவம் என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்தாக வேண்டும். அந்த வாரங்களில் நாயைப் பார்த்துக்கொள்ள நம்பகமான ஆள் இருக்கிறார் என்று பெயர் சொல்லிக் காட்ட முடிந்தால், பிரீடரின் பாதித் தயக்கம் தீர்ந்துவிடும். அடுத்த ஈற்றில் அமைதியான குட்டிக்காகக் காத்திருக்கச் சம்மதிப்பவர்கள் என்றால் மீதியும் தீரும்.

யாரும் பொருந்தாவிட்டால் வைத்துக்கொள்ளலாம். குட்டி பழையதாகிவிடும், விலை குறைந்துவிடும் என்ற அச்சத்தில் கொடுப்பதைவிட அது மேல். ஆனால் மூன்று வாரத்திலிருந்து ஏறத்தாழ 12, 14 வாரம் வரைதான் உலகத்தோடு பழகிக்கொள்ளும் பருவம். அந்த நாட்களில் தாயோடும் மற்ற நாய்களோடும் முற்றத்திலேயே கிடந்தால், பின்னால் எந்த வீட்டுக்கும் பொருந்தாத நாயாகிவிடும். வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தால், தினமும் அதைத் தனியாகக் காரில் ஏற்றி, கடைத்தெரு, பள்ளி வாசல், ஏரிக்கரை என்று அழைத்துப்போக நேரம் இருக்க வேண்டும். அந்த நேரம் இல்லாத பிரீடர் தன் வீட்டையும் தகுதியில்லாத வீடுகளின் பட்டியலில்தான் சேர்க்க வேண்டும்.

ஆக, என் வரிசை இது. குழுவில் ஏற்கெனவே இருக்கும் மீட்புத் தன்னார்வலர் முதலில், அவருடைய பயிற்சியாளர் குட்டியை ஒப்புக்கொண்டால். இல்லையென்றால், வீட்டுக்குள் நாயை வைத்துக்கொண்டு கோடையிலும் பழக்குகிற வேட்டைக்காரர். அவருக்கு இணையாகவே விளையாட்டுப் போட்டிக்காரர். இந்த இருவரில் குறைந்த நாய்கள் வைத்திருப்பவருக்கு முன்னுரிமை தருவேன். அடுத்தது ஓடியாடும் குடும்பம். கம்பி வலை வேட்டைக்காரருக்கும், தனியாக உதவி நாய் பழக்க விரும்புகிறவருக்கும் இந்தக் குட்டி இல்லை.

ஒப்பந்தத்தில் நான்கு செய்திகள் இருக்க வேண்டும். எந்த வயதிலும், எந்தக் காரணத்துக்கும் நாயை வைத்திருக்க முடியாமல் போனால் பிரீடரிடமே திருப்பித் தர வேண்டும். ஏ.கே.சி.யின் வரையறுக்கப்பட்ட பதிவு கொடுக்கலாம். அதன்படி இந்த நாய்க்குப் பிறக்கும் குட்டிகளைப் பதிய முடியாது, பின்னால் நாய் தகுதி பெற்றால் பிரீடரே அதை மாற்றித் தரலாம். கருத்தடையை அவசரப்படுத்தக் கூடாது: கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம் 759 கோல்டன்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வயதுக்குள் கருத்தடை செய்த ஆண் நாய்களில் இடுப்பு மூட்டுக் கோளாறு கருத்தடை செய்யாதவற்றைவிட இரண்டு மடங்கு காணப்பட்டது. நாயைக் கொழுக்கவிடவும் கூடாது. 48 லாப்ரடார்களை வைத்து நடத்தி 2002இல் வெளியான வாழ்நாள் ஆய்வில், கால் பங்கு குறைவாக உண்ட நாய்கள் ஏறக்குறைய இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன.

ஐந்தாவதாக ஒன்றை ஒப்பந்தத்தில் எழுதினாலும் வலியுறுத்தி வாங்க முடியாது. மனிதரைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு வயதில் நாயின் இடுப்பையும் முழங்கையையும் எக்ஸ்ரே எடுத்து, நல்ல முடிவோ கெட்ட முடிவோ ஓ.எஃப்.ஏ. பதிவில் வெளியிடுவாரா? பிற்காலத்தில் நோய் வந்தால் மறைக்காமல் சொல்வாரா? ஒரு தாயின் இடுப்பு நன்றாக இருப்பது அரைச் செய்திதான்; அதன் குட்டிகளுக்கு எப்படி அமைந்தது என்பது சேர்ந்தால்தான் அந்த வம்சத்தை மேலும் பெருக்கலாமா என்று முடிவெடுக்க முடியும். வீட்டுச் செல்லங்களாகப் போகும் குட்டிகளில் பெரும்பாலானவற்றின் மூட்டை யாரும் எக்ஸ்ரே எடுப்பதில்லை. இனப்பெருக்கத்துக்கு வைத்த நாய்களின் கணக்கு மட்டுமே தெரிந்து, உடன்பிறந்தவற்றின் கணக்கு தெரியாமல் போகிறது. இந்த எக்ஸ்ரேயின் செலவைப் பிரீடரே ஏற்றுக்கொள்ள முன்வருவது நியாயம். அப்படி முன்வந்த பிறகும் தயங்குகிறவர் என்றால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும், அடுத்த பெயரை அழைப்பேன்.